வேலையில் வயதைக் காட்டி ஒதுக்குகிறார்களா? எங்கிருந்து தொடங்குவது

"உங்களுக்கு வயதாகிவிட்டது, அதனால் அனுப்புகிறோம்" என்று எந்த நிறுவனமும் எழுத்தில் கொடுக்காது. கொடுத்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நடப்பது வேறு மாதிரி இருக்கும். வருடக்கணக்கில் நல்ல மதிப்பீடு வாங்கியவருக்குத் திடீரென்று "வேகம் போதவில்லை" என்று வரும், புது சாஃப்ட்வேர் பயிற்சிப் பட்டியலில் பெயர் இருக்காது, கூட்டங்களுக்கு அழைப்பு குறையும், அப்புறம் ஒருநாள் "மறுசீரமைப்பு" என்று ஒரு கடிதம். தனித்தனியாக எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள். வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்: நடந்ததைத் தேதியோடு வரிசைப்படுத்துவது, கெடு முடிவதற்குள் உரிய இடத்தில் கொடுப்பது. சட்ட நுணுக்கத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். தேதிகளும் தாள்களும் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இருக்காது, நிறுவனத்திடம் இருப்பதை அது தானாக எடுத்துக் கொடுக்கவும் போவதில்லை.

1. இது வயது விஷயம்தானா?

மோசமான மேனேஜர் எல்லோரிடமும் மோசமாகத்தான் நடப்பார். அது எரிச்சல்தான், ஆனால் பெரும்பாலான நாடுகளில் அதற்கு வழக்குப் போட முடியாது. உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதே வேலையில், கிட்டத்தட்ட இதே தகுதியோடு, என்னைவிட இளையவர் இருந்தால் அவருக்கு இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்று தோன்றினால், அதைக் காட்ட ஓர் ஆளையாவது, ஒரு சம்பவத்தையாவது சுட்ட முடியுமா? முடியும் என்றால் மேலே படியுங்கள். முடியாது என்றாலும் படியுங்கள், ஏனென்றால் இது பெரும்பாலும் முதல் மாதத்தில் தெரிவதில்லை.

பேச்சில் வரும் சொற்களைக் கவனியுங்கள். "புது ரத்தம் வேணும்", "துடிப்பான இளம் டீம்", "இவர் கொஞ்சம் ஓவர்குவாலிஃபைட்", "இந்த வயசில் எதுக்கு மேடம் இவ்வளவு அலைச்சல்", "ரிட்டயர்மென்ட் பற்றி யோசிச்சிருக்கீங்களா?" இவை ஒருமுறை வந்தால் பேச்சு. பதவி உயர்வு மறுத்த அதே வாரத்தில், மறுத்த அதே ஆள் வாயிலிருந்து வந்தால் அது சாட்சியம். யார் சொன்னார், முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா, சொன்னதற்கும் முடிவுக்கும் இடையே எத்தனை நாள் என்ற இந்த மூன்றையும்தான் பின்னால் எல்லோரும் உங்களிடம் கேட்பார்கள்.

சொன்னவருக்கே தான் பாகுபாடு காட்டுகிறோம் என்று தெரியாமல் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியவர்களைப் பற்றி வயது சார்ந்த தப்பெண்ணம் இருப்பதாகச் சொல்கிறது. ஆகவே "அவர் நல்ல மனுஷர், அப்படி நினைக்க மாட்டார்" என்பது ஒரு வாதமே இல்லை.

ஓர் எச்சரிக்கை. சம்பளம் அதிகம் என்பதற்காக அனுப்புவதும், வயது அதிகம் என்பதற்காக அனுப்புவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகாமல் போகலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 1993இல் ஒரு வழக்கு வந்தது. 62 வயது ஊழியர், ஓய்வூதிய உரிமை உறுதியாவதற்குச் சில வாரங்களே இருந்த நேரத்தில் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். சேவைக்காலத்தைப் பார்த்து எடுத்த முடிவு என்பதாலேயே அது வயதைப் பார்த்து எடுத்த முடிவாகிவிடாது, இரண்டும் வேறு என்றது நீதிமன்றம். எனவே "சீனியர்களை எல்லாம் கழித்துக்கட்டுகிறார்கள்" என்பதோடு நின்றுவிடாமல், வயதோடு இணைக்கும் கயிறு எங்கே என்று தேட வேண்டும்.

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நீ இன்னும் சின்னப் பையன், டீமை உன்னிடம் எப்படிக் கொடுப்பது?" என்பதும் வயதுப் பாகுபாடுதான், ஆனால் எல்லா நாட்டுச் சட்டமும் அதைக் கேட்காது. அமெரிக்க மத்தியச் சட்டம் 40 வயதானவர்களிலிருந்துதான் காக்கிறது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் எல்லா வயதுக்கும் பாதுகாப்பு உண்டு. ஜெர்மனியில் ஒரு பெண் 18 வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்து நீக்கப்பட்டார். 25 வயதுக்கு முந்தைய சேவை கணக்கில் வராது என்று அங்கே இருந்த விதியைக் காட்டி, மூன்று வருடம் வேலை பார்த்தவருக்கு உரிய நோட்டீஸ் காலத்தைத்தான் நிறுவனம் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010இல் அந்த விதி செல்லாது என்றது.

2. உங்களைக் காக்கும் சட்டம் எது?

நாட்டுக்கு நாடு இதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958 உடன்படிக்கையில் இனம், நிறம், பாலினம், மதம் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன, வயது இல்லை. ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு, தனக்குத் தோன்றிய காலத்தில் வயதைச் சேர்த்துக்கொண்டது.

அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாட்டுச் சட்டம், 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தும். அதைவிடச் சிறிய நிறுவனம் என்றால் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள், பல மாநிலங்கள் அதிகப் பாதுகாப்பு தருகின்றன. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டம். ஆஸ்திரேலியாவில் 2004இல் தனிச் சட்டமே வந்தது. கனடாவில் மத்திய, மாகாண மனித உரிமைச் சட்டங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றுக்கும் 2000ஆம் ஆண்டின் பொது ஆணை ஒன்று அடித்தளமாக இருக்கிறது.

சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டத்தில் வயதும் பாதுகாக்கப்பட்ட அம்சங்களில் ஒன்று. மலேசியாவில் 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. உங்கள் ஒப்பந்தத்தில் 55 என்று எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. இலங்கையும் 2021இல் தனியார் துறைக்கு 60ஐக் குறைந்தபட்ச ஓய்வு வயதாக்கிச் சட்டம் இயற்றியது. ஓய்வு வயதுச் சட்டம் ஒன்று, பாகுபாட்டுச் சட்டம் வேறொன்று என்பதையும் நினைவில் வையுங்கள். முதலாவது உங்களைக் குறிப்பிட்ட வயதுக்கு முன் வீட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கும், அவ்வளவுதான். பயிற்சி மறுப்பது, ஓரங்கட்டுவது எல்லாம் அதில் வராது.

இந்தியாவில் தனியார் நிறுவனம் வயதைப் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் பொதுச் சட்டம் இல்லை. அரசு, பொதுத்துறை வேலையில் இருப்பவர்கள் அரசியல் சாசனத்தின் 14, 16ஆம் பிரிவுகளைப் பிடித்துக்கொள்ளலாம். 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் கர்ப்பத்தோடு வேலை முடியும் என்ற விதியையும், 35 வயதுக்குப் பிறகு பணியை நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம் என்று விட்டிருந்ததையும் அந்தச் சாசன அடிப்படையில்தான் ரத்து செய்தது. தனியாரில் தொழிலாளர் வரையறைக்குள் வருபவர்களுக்குப் பயன்படும் விதி வேறு: ஆட்குறைப்பில் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும். 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 25ஜி பிரிவாக இருந்தது அது, இப்போது 2020 தொழில் உறவுத் தொகுப்பில் தொடர்கிறது. வரிசையை மீறினால் நிர்வாகம் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதில் வயது என்ற சொல்லே கிடையாது, ஆனால் இருபது வருடம் வேலை பார்த்தவரை விட்டுவிட்டு நேற்று வந்தவரை வைத்துக்கொள்வதைக் கேள்வி கேட்க அது போதும். மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைப்பு, அவர்கள் ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் சொந்தக் கொள்கையையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.

சில வேலைகளுக்கு வயது வரம்பு சட்டப்படியே உண்டு. சர்வதேச வணிக விமானங்களின் விமானிகளுக்கு 65 போல. அங்கே போய் சண்டை போட்டுப் பயனில்லை.

3. இன்றைக்கே குறிப்பெழுதத் தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். சந்தேகம் வந்த அன்றே தொடங்குங்கள், உறுதியானதும் எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள்.

"மேனேஜர் இன்றைக்கும் எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினார், வயசைச் சொல்லிக் கிண்டல்" என்று எழுதினால் மனசு ஆறும், வேறு எதற்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்:

"மார்ச் 12, காலை 10.15, இரண்டாம் மாடி மீட்டிங் அறை. புது பில்லிங் சிஸ்டம் பயிற்சிப் பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன். மேனேஜர் சொன்னது: 'நீங்க இன்னும் எத்தனை வருஷம் சார் இருக்கப் போறீங்க, சின்னப் பசங்க கத்துக்கட்டும்.' உடன் இருந்தவர்கள்: டீம் லீட், ஜனவரியில் சேர்ந்த இரண்டு பேர். பயிற்சிக்குப் போகிறவர்கள் ஆறு பேர், எல்லோரும் முப்பத்தைந்துக்குக் கீழே. மாலை 4.40க்கு மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன்."

சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைக் கலக்காதீர்கள். கோபம் வரும், அதற்கு வேறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் கையிலும் போகலாம் என்ற நினைப்போடு எழுதினால் நடை தானாக நிதானமாகிவிடும்.

கடைசி வரியில் இருக்கும் அந்த மெயில் முக்கியம். வாய்ப்பேச்சை எழுத்துக்குக் கொண்டுவருவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. சண்டை தொனி வேண்டாம்: "காலையில் பேசியதைத் தொடர்ந்து எழுதுகிறேன். பில்லிங் பயிற்சிக்கு இந்த முறை என்னை அனுப்ப இயலாது என்றும், நான் இன்னும் எத்தனை வருடம் பணியில் இருப்பேன் என்பதும் ஒரு காரணம் என்றும் சொன்னீர்கள். அடுத்த பேட்சில் சேர விரும்புகிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிவிக்கவும்." பதில் வந்தால் ஒரு பதிவு. வராவிட்டாலும் பதிவுதான், மறுக்கவில்லை என்று ஆகிறது.

குறிப்பை ஆபீஸ் லேப்டாப்பில் வைக்காதீர்கள். வேலையை விட்டு அனுப்பும் நாளில் முதலில் போவது லாகின்தான், சில இடங்களில் கூட்டம் முடிந்து உங்கள் இருக்கைக்குத் திரும்புவதற்குள் மெயில் பூட்டப்பட்டிருக்கும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மதிப்பீட்டு அறிக்கைகள், பதவி உயர்வுக் கடிதங்கள் என்று உங்களுக்கென்று கொடுக்கப்பட்டவற்றின் நகலை வீட்டில் வைத்திருங்கள்.

ஆனால் வாடிக்கையாளர் பட்டியல், நிறுவனக் கணக்குகள், மற்றவர்களின் சம்பள விவரம் இவற்றையெல்லாம் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்கும் ஆசை வரும். வேண்டாம். அமெரிக்காவில் சுமார் முப்பது வருடம் வேலை பார்த்த 62 வயதுப் பெண் ஒருவர், தன்னை அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் நிறுவனத்தின் ரகசிய நிதி ஆவணங்களை நகலெடுத்து வைத்துக்கொண்டார். அனுப்பியும் விட்டார்கள், அவர் வழக்குப் போட்டார், நகலெடுத்த விஷயம் விசாரணையில் வெளியே வந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் இப்படிப்பட்டவருக்குப் பொதுவாக வேலையைத் திரும்பக் கேட்க முடியாது, நீக்கிய நாளிலிருந்து கணக்கிடும் பின்சம்பளமும் அந்த விஷயம் நிறுவனத்துக்குத் தெரிந்த நாளோடு நிற்கும் என்றது. அந்த ஆவணங்கள் தேவை என்றால் வழக்கில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ரகசியமாக ஒலிப்பதிவு செய்வதும் இப்படித்தான், சில இடங்களில் குற்றம். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்க்காமல் போனில் பட்டனை அழுத்தாதீர்கள்.

4. ஒப்பிட்டுப் பாருங்கள்

ஒரு தாளில் கோடு போட்டு உங்கள் டீமில் உள்ள எல்லோரையும் எழுதுங்கள்: பதவி, தோராயமான வயது, சேர்ந்த வருடம், கடைசி மதிப்பீடு (தெரிந்தால் மட்டும்), இந்த இரண்டு வருடத்தில் அவருக்கு என்ன நடந்தது. உங்களுக்குச் சாதகமான ஆட்களை மட்டும் எழுதினால் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள். 58 வயதில் ஒருவருக்குப் போன வருடம்தான் பதவி உயர்வு கிடைத்தது என்றால் அவரையும் எழுதுங்கள், எதிர்த்தரப்பு முதலில் அவரைத்தான் காட்டும்.

உங்கள் இடத்துக்கு வந்தவரும் நாற்பதைத் தாண்டியவர்தானே, அப்புறம் எப்படிப் பாகுபாடு என்று சிலர் தயங்குவார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது: வந்தவர் உங்களைவிடக் கணிசமாக இளையவரா என்பதுதான் கணக்கு. 56 வயதுக்காரரின் இடத்தில் 40 வயதுக்காரரை வைத்த வழக்கு அது.

கூட்டமாக ஆட்குறைப்பு நடந்தால் அமெரிக்காவில் ஒரு வசதி உண்டு. 40 தாண்டியவரிடம் வழக்குரிமையை விட்டுக்கொடுக்கும்படி கையெழுத்துக் கேட்கும் நிறுவனம், எந்தப் பதவியில் எந்த வயதினர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், எந்த வயதினர் தப்பினார்கள் என்ற பட்டியலையும் கொடுத்தாக வேண்டும். பெயர் இருக்காது, வயதும் பதவியும் இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்தும் பார்க்காமலும் மடித்து வைப்பவர்கள்தான் அதிகம். உட்கார்ந்து எண்ணுங்கள். உங்கள் பிரிவில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம்; ஐம்பதைத் தாண்டிய நான்கு பேரில் மூன்று பேர் போகிறார்கள், மற்ற ஐந்து பேரில் ஒருவர்கூடப் போகவில்லை என்றால் அந்தத் தாளோடு நேராக வக்கீலிடம் போகலாம். ஆள் குறைவு என்பதால் அது மட்டுமே வழக்கை ஜெயிக்க வைக்காது, ஆனால் பேச்சைத் தொடங்கி வைக்கும்.

5. மதிப்பீடும் "முன்னேற்றத் திட்டமும்"

பல இடங்களில் அனுப்புவதற்கு முந்தைய வாசல் பிஐபி என்று சொல்லும், குறித்த காலத்துக்குள் இந்த இலக்கை எட்ட வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கும் முன்னேற்றத் திட்டம்தான். உண்மையிலேயே உதவுவதற்காகப் போடுபவர்களும் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது: இலக்கு அளக்கக்கூடியதா, அதே இலக்கு அதே பதவியில் உள்ள மற்றவர்களுக்கும் உண்டா, கொடுத்த காலத்தில் யாராலாவது முடிக்க முடியுமா? "உற்சாகத்தைக் காட்ட வேண்டும்", "மாற்றத்தை ஏற்கும் மனநிலை வேண்டும்" என்பதெல்லாம் இலக்கே இல்லை. அதை அளவுகோலாக மாற்றித் தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள், அதையே ஒழுங்கீனமாக எழுதிவிடுவார்கள். "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை, பதில் தனியே" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போடுங்கள். பிறகு ஒரு பக்கத்துக்கு மிகாமல் பதில் எழுதுங்கள், பழைய மதிப்பீடுகளின் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு. போன அக்டோபரில் "நம்பகமானவர், மற்றவர்களுக்கு வழிகாட்டுகிறார்" என்று எழுதிய அதே மேனேஜர், இந்த ஏப்ரலில் "வேகம் போதவில்லை" என்கிறார் என்றால் இடையில் மாறியது என்ன என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. புது மேனேஜர் வந்த தேதியும் அங்கே அடிக்கடி தட்டுப்படும்.

6. புகார் கொடுக்கும்போது "வயது" என்று எழுதுங்கள்

நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மரியாதை கருதி "நியாயமற்ற நடத்தை", "மன உளைச்சல்" என்று பொதுவாக எழுதிவிட்டு, வயது என்ற சொல்லையே தொடமாட்டார்கள். பாகுபாட்டைப் பற்றிப் புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்ற பாதுகாப்பு பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. அது கிடைக்க, நீங்கள் பாகுபாட்டைப் பற்றித்தான் புகார் சொன்னீர்கள் என்பது தெரிய வேண்டும். பொதுவான மனக்குறைக்கு அந்தக் கவசம் கிடைக்காது.

நீளம் வேண்டாம். "என் வயதின் காரணமாக நான் வேறுவிதமாக நடத்தப்படுகிறேன் என்று நம்புகிறேன். அதற்கு அடிப்படையான சம்பவங்கள் கீழே தேதி வாரியாக உள்ளன. விசாரித்து எழுத்துப்பூர்வமாகப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அப்புறம் நான்கைந்து வலுவான சம்பவங்கள், போதும். முப்பதையும் கொட்டினால் பலவீனமான இரண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கரைத்துவிடுவார்கள்.

எச்ஆர் உங்கள் தோழரும் இல்லை, எதிரியும் இல்லை. நிறுவனத்துக்கு வரும் ஆபத்தைக் குறைப்பது அவர்கள் வேலை. நல்ல எச்ஆராக இருந்தால், ஆபத்தைக் குறைப்பதற்கான வழி மேனேஜரைத் திருத்துவது என்று புரிந்துகொள்வார்கள். உங்கள் புகாரைக் கேட்டு மிகவும் அனுதாபமாகப் பேசினால் நன்றி சொல்லுங்கள், புகார் எண்ணையும் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

யூனியன் இருந்தால் புகாருக்கு முன்பே அவர்களிடம் போங்கள்.

7. அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்

திடீர்க் கூட்டம், மேஜையில் இரண்டு தாள், "இன்றைக்கே முடித்துவிட்டால் உங்களுக்கும் நல்லது சார்". ராஜினாமாவாக எழுதிக்கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும் என்றும் சொல்வார்கள். நீங்களே ராஜினாமா செய்ததாக ஆனபின், நீக்கினார்கள் என்று வாதிடுவது மிகவும் கஷ்டம். வாங்கிக்கொண்டு, "படித்துவிட்டு ஆலோசனை கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். அந்த வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லிப் பழகிக்கொள்வதுகூட நல்லதுதான், அந்த அறையில் வாய் வராது.

வயதுப் பாகுபாட்டுச் சட்டத்துக்கு 1990இல் வந்த திருத்தத்தின்படி அமெரிக்காவில் 40 தாண்டியவருக்கு, வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை யோசிக்கக் குறைந்தது 21 நாள் தர வேண்டும், கூட்டமாக அனுப்பினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். வக்கீலைக் கலந்துகொள்ளும்படி எழுத்திலேயே சொல்ல வேண்டும். பிரிட்டனில் இப்படிப்பட்ட செட்டில்மென்ட் ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் நீங்கள் சுயேச்சையான ஆலோசகரிடம் கருத்துக் கேட்டிருக்க வேண்டும், யோசிக்க 10 நாளாவது தரச் சொல்கிறது, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் (Acas) அமைப்பின் நெறிமுறை. இப்படிச் சட்டம் எதுவும் இல்லாத இடத்திலும் கால அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அவர்கள் அவசரப்படுவதே உங்கள் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதால்தான்.

8. கெடுவை நாட்காட்டியில் குறியுங்கள்

நல்ல வழக்குகள் சாட்சியம் இல்லாமல் தோற்பதைவிட, தேதி தவறிச் செத்துப்போவதுதான் பார்க்க வேதனை.

அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டமும் அதை நடத்தும் அமைப்பும் உள்ள மாநிலங்களில் 300 நாள். பிரிட்டனில் வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போக வெகுகாலமாக இருந்துவரும் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதை நீட்டிக்கும் மாற்றங்கள் நடப்பதால் அன்றைய நிலையை ஏகாஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்பாயத்துக்கு முன் அவர்களிடம் சமரசத்துக்குப் பதிய வேண்டியும் இருக்கும். ஆஸ்திரேலியாவில் வேலை நீக்கத்தை எதிர்த்து நியாயப் பணி ஆணையத்துக்குப் போக 21 நாள்தான், கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். கனடாவின் ஒன்டாரியோவில் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு ஒரு வருடம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "ஜூன் 30 உங்கள் கடைசி நாள்" என்று மார்ச் 1 அன்று சொன்னால், அமெரிக்காவில் கடிகாரம் மார்ச் 1 அன்றே ஓடத் தொடங்கிவிடும். முடிவு தெரிவிக்கப்பட்ட நாள்தான் கணக்கு என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1980இல் சொல்லிவிட்டது. இன்னொன்று, நிறுவனத்துக்குள் நீங்கள் கொடுத்த புகாரின் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. எச்ஆர் "இன்னும் இரண்டு வாரம்" என்று சொல்லச்சொல்லக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஒரு பக்கத் தேதி வரிசை, ஒப்பீட்டுத் தாள், நியமனக் கடிதம், கடைசி மூன்று மதிப்பீடுகள், அவர்கள் கொடுத்த கடிதம், இவை போதும். ஜெயிக்குமா என்று கேட்பதற்கு முன் கெடு எப்போது என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2009க்குப் பிறகு, வயது இல்லாவிட்டால் இந்த முடிவே எடுத்திருக்க மாட்டார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், பல காரணங்களில் அதுவும் ஒன்று என்பது போதாது. பிரிட்டனில் சந்தேகத்துக்கு இடம்தரும் உண்மைகளை நீங்கள் காட்டிவிட்டால், பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் பக்கம் போகும். ஒரே கதை, இரண்டு நாட்டில் இரண்டு முடிவு ஆகலாம்.

9. புது வேலை தேடும்போது

ரெஸ்யூமேயில் பிறந்த தேதி தேவையில்லை, கேட்காத இடத்தில் போடாதீர்கள். படிப்பு முடித்த வருடத்தை எடுத்துவிடலாம். கடைசி பத்து, பதினைந்து வருட வேலையை விரிவாகவும் அதற்கு முந்தையதை ஒரே வரியிலும் வைத்தால் போதும். இது பொய் இல்லை, எதை முன்னால் வைப்பது என்பது உங்கள் உரிமை.

விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், "ஃப்ரெஷ் கிராஜுவேட் மட்டும்" போன்ற வரிகள் இரண்டு நாளில் காணாமல் போகும். இப்போது முதல் சல்லடையை மென்பொருள்தான் போடுகிறது. ஆன்லைனில் பாடம் நடத்தும் ஐடியூட்டர்குரூப் நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60ஐத் தொட்ட ஆண்களையும் தானாகவே நிராகரித்தது என்று அமெரிக்க சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் 2023இல் 3,65,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், நிராகரிக்கப்பட்ட ஒரு பெண் அதே விண்ணப்பத்தைப் பிறந்த தேதியை மட்டும் இளமையாக்கி மறுபடி அனுப்பினார், இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது.

இன்டர்வியூவில் "இன்னும் எத்தனை வருஷம் வேலை பார்க்க உத்தேசம்?" என்று கேட்டால் முறைக்க வேண்டாம். "இந்தப் பொறுப்பில் முதல் மூன்று வருடத்தில் என்ன செய்ய விரும்புகிறேன் என்று சொல்கிறேன்" என்று திருப்பிவிடுங்கள். வெளியே வந்ததும் கேட்ட கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய நிறுவனத்தோடு வழக்கு நடக்கிறது என்றால் இன்னொரு பட்டியலும் வேண்டும்: எந்தத் தேதியில் எந்த இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது, எந்த வேலையை ஏன் மறுத்தீர்கள். நஷ்ட ஈடு கணக்கிடும்போது, இழப்பைக் குறைக்க நீங்கள் நியாயமாக முயன்றீர்களா என்று பார்ப்பார்கள். ஆறு மாதம் சும்மா இருந்ததாகத் தெரிந்தால் அந்தத் தொகையில் வெட்டு விழும். ஆகவே பதிலே வராத விண்ணப்பத்தையும் விடாமல் எழுதி வையுங்கள், வந்த நிராகரிப்பு மெயில் எதையும் அழித்துவிடாதீர்கள்.